மயில் சொன்ன மாவு

குளத்தங்கரைப் புதரில் மருதாயி என்ற புள்ளிமான் தலைச்சன் குட்டியை ஈன்றது. குட்டி தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. வந்த பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று இருந்தது.

"ஐயையோ, கெட்டுப்போன பால்!" என்றது ஒரு நரி. "இதைக் குடித்தால் குட்டி என்னத்துக்கு ஆகும்? இந்தா, கொழுகொழு மாவு! குளத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடு. என்னை நம்பாவிட்டால் மயிலண்ணனைக் கேள்!"

மயிலண்ணன் என்றால் அந்தக் காட்டுக்கே உயிர். தோகையை விரித்தால் யானைகூட மேய்ச்சலை மறந்து வாயைப் பிளந்து நிற்கும். அந்த மயில் பாறைமேல் ஏறி ஒரு சுற்று ஆடியது. "கொழுகொழு மாவு கொடுங்கள்! குட்டி என்னைப் போலவே அழகாக வளரும்!" என்று அகவியது.

போதாதா? மருதாயி மடியை மறைத்துக்கொண்டது. நரி தொன்னையில் மாவைக் கரைத்துக் கொடுத்தது. நரிக்கு இதில் என்ன லாபம் என்கிறீர்களா? நோஞ்சான் குட்டியால் ஓட முடியாதே!

மாவு குடித்த குட்டி வயிறு உப்பித் தூங்கியது. மடிப்பக்கமே வரவில்லை. பிறகு வயிற்றுப்போக்கு. கால்கள் துவண்டன. மருதாயியின் மடியும் சுருங்கியது.

"என் பால் வற்றிப்போச்சே! என் குட்டி போயிடுமே!" என்று மருதாயி கதறியது.

அந்த வழியாகக் குட்டிகளோடு வந்த காட்டுப்பன்றி பொன்னாத்தா நடந்ததையெல்லாம் கேட்டுச் சீறியது. "பால் வற்றவில்லையடி, முட்ட ஆளில்லை! குட்டி முட்டினால்தானே மடி சுரக்கும்? மஞ்சளாக வந்தது சீம்பால். முதல் பாலே அதுதான், குட்டிக்கு அதுதான் மருந்து! அதைப் போய்க் கெட்ட பால் என்றானா அந்தப் பாவி?"

"மயிலண்ணனே சொன்னாரே, அக்கா!"

"நல்லாக் கேட்டே போ! அது ஆண் மயில். முட்டையும் இட்டதில்லை, அடையும் காத்ததில்லை. அது எந்தக் குட்டிக்குப் பால் கொடுத்தது?"

மருதாயிக்குச் சுருக்கென்றது. தொன்னையை ஓங்கி உதைத்தது. குட்டியை மடியில் விட்டது. குட்டி முட்டியது. பால் வரவில்லை. மறுபடி முட்டியது.

"பட்டினி போட்டுக் கொல்கிறாளே! இவளும் ஒரு தாயா!" என்று நரி ஊளையிட்டது.

அந்தச் சொல் மருதாயியின் நெஞ்சைக் கிழித்தது. ஆனாலும் அது அசையவில்லை. "முட்டு, கண்ணே, முட்டு! நான் நகரமாட்டேன்!" என்றது.

பொன்னாத்தா கிழங்கு தோண்டி வந்து மருதாயிக்கு ஊட்டியது. ஒரு காட்டெருமை பச்சைப் புல்லை வாயில் கவ்வி வந்து போட்டுவிட்டு, நரி வரும் பாதையில் குறுக்கே நின்றது. முதலில் ஒரு துளி கசிந்தது. பிறகு மடி சுரந்தது. குட்டியின் வாயோரம் நுரை வழிந்தது. மருதாயி வாய்விட்டு அழுதது.

குட்டி தேறியதும் மருதாயி அதைக் கூட்டிக்கொண்டு நேரே பாறைக்குப் போனது. மயில் ஆடியபடியே மாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கர்ப்பிணி மான்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

"மயிலண்ணே! உங்கள் ஆட்டத்தைக் கண்குளிரப் பார்க்கிறோம். ஆனால், உங்களுக்குப் பாலைப் பற்றி என்ன தெரியும்?"

மயிலின் தோகை தொங்கிப்போனது. "நரி எனக்குத் தின்னக் கரையான் புற்றைக் காட்டியது. சொல்லச் சொன்னதைச் சொன்னேன்" என்று முணுமுணுத்தது.

இனி மாவு செல்லாது என்று நரிக்குத் தெரிந்துவிட்டது. பாறை மறைவிலிருந்து வெறியோடு குட்டிமேல் பாய்ந்தது. தாய்ப்பால் குடித்த குட்டி ஒரே துள்ளலில் பறந்தது! நரி மண்ணைக் கவ்வியது. துணைக்கு வந்திருந்த காட்டெருமை அதைக் காட்டின் எல்லைவரை துரத்திவிட்டு வந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது புகழ் பெற்றவர் சொல்லும் புத்தி அல்ல, பால் சுரக்கும்வரை பக்கத்தில் நிற்கும் துணை.