ஒட்டிக்கொண்ட வால்

கொழுந்து அன்று காலை பேராசிரியை பாக்கியத்தின் அறைக்கு இரண்டு கேள்விகளோடு போனான். ஒன்றைத்தான் கேட்டான். மற்றது தொண்டையிலேயே முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"செல்லு நகர மாட்டேங்கு மேடம்."

முழுப்பெயர் திருமலைக்கொழுந்து. காயம் ஆறும்போது தோல் செல்கள் எப்படித் திசை பார்த்து நகர்கின்றன என்பதுதான் அவன் ஆராய்ச்சி. பாளையங்கோட்டைக் கல்லூரியொன்றின் ஆய்வுக்கூடம். வேறு எவரும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் கூப்பிட்டு மேசை போட்டுக் கொடுத்தவர் பாக்கியம் மேடம். அவரிடமே முனைவர் பட்டமும் வாங்கினான். அடுத்த ஆண்டு மேடம் ஓய்வு பெற்றால் கூடத்தை இவன்தான் பார்த்துக்கொள்வான் என்று பியூன் முதல் பிரின்சிபால் வரை பேசி முடித்துவிட்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வுக்கூடம் அவனைக் கூப்பிட்டிருந்தது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசையோ கொள்ளை ஆசை. ஆனால் மேடத்திடம் சொல்வது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வதுபோல இருந்தது.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வா, பாப்போம்."

நுண்ணோக்கியில் குனிந்தவர் சுலபத்தில் நிமிரவில்லை.

"வாசனையை எந்தப் பக்கம் வச்சே?"

செல்லைக் கவர்ந்திழுக்கும் புரதத்துக்கு அந்தக் கூடத்தில் வாசனை என்று பெயர். செல்லின் மேனியெங்கும் அதை மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. எந்தப் பக்கம் வாசனை தூக்கலோ, அந்தப் பக்கம் முகம் திருப்பும்.

"வலப்பக்கம் மேடம்."

"எல்லாம் வலப்பக்கம் பாத்துக்கிட்டுத்தான் நிக்குது. மோப்பத்துல ஒரு குறையும் இல்ல."

"பின்ன ஏன் மேடம் போவல?"

"நீயே பாரு."

பார்த்தான். ஒவ்வொரு செல்லும் முன்னே காலை நீட்டிவிட்டு, பின்னே வாலை எடுக்க முடியாமல் ஜவ்வு மிட்டாயாக இழுபட்டுக் கிடந்தது. ஒன்றிரண்டு நடுவில் அறுந்தே போயிருந்தன. பாவமாக இருந்தது.

"தட்டுல பசை எவ்வளவு பூசினே?"

"வழக்கத்தவிடக் கொஞ்சம் கூட..."

"கொஞ்சமா?"

"நிறைய மேடம். கழுவும்போது செல்லு உதிர்ந்துருமோன்னு பயம். நல்லா ஒட்டிக்கிட்டா நல்லதுதானேன்னு நினைச்சேன்."

மேடம் கையுறையை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்தார். பசையை நீர்க்கக் கலந்து புதுத் தட்டில் மெலிசாகப் பூசினார். அதே செல்கள், அதே வாசனை, அதே வலப்பக்கம்.

"மத்தியானம் சாப்பிட்டு வந்து பாரு. சோத்தை முழுங்காம மென்னு தின்னு."

கொழுந்து எங்கே மென்றான்? இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் கத்தியே விட்டான்.

"போவுது மேடம்! வாலைத் தூக்கிட்டுப் போவுது!"

"மெல்லப்பா. அதுக்குக் காது இல்ல, எனக்கு இருக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் முள் தானாக வெளியே வந்தது.

"மேடம்... ஜெர்மனியில..."

"தெரியும்."

"எப்படி மேடம்?"

"உன்னை எடுக்கலாமான்னு யாருகிட்ட விசாரிச்சிருப்பாங்க? உங்க தெரு பால்காரர்கிட்டயா?"

கொழுந்துக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. இத்தனை நாள் தூக்கம் கெட்டதெல்லாம் தெண்டம்.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"நல்ல பையன், பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். ரெண்டும் உண்மைதானே?"

அவனும் சிரித்தான். ஆனால் கண் கலங்கிவிட்டது.

"இருந்தாலும் மேடம், நீங்க எனக்குச் செஞ்சதுக்கு... உங்களை விட்டுட்டுப் போனா நான் நன்றி கெட்டவன்தானே?"

மேடம் நுண்ணோக்கியின் விளக்கை மாற்றினார். செல்லின் ஒட்டும் மூலக்கூறுகளை மட்டும் பச்சையாக ஒளிரவைக்கும் விளக்கு அது. அவனைக் குனியச் சொன்னார்.

செல்கள் முன்னே போய்க்கொண்டிருந்தன. அவை நடந்து வந்த தடத்தில் பொட்டுப் பொட்டாகப் பச்சை ஒளிர்ந்தது. தரையைப் பிடித்திருந்த மூலக்கூறுகளில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஒவ்வொன்றும் வாலை எடுத்திருந்தது. இதை அவன் படித்திருக்கிறான். தன் தட்டில் பார்ப்பது இப்போதுதான்.

"நல்லாத் தேடு," என்றார் மேடம். "ஒண்ணையும் விட்டு வைக்காமப் போன செல்லு இதுல ஒண்ணே ஒண்ணு காட்டு. உன்னைப் போக வேண்டாம்னு சொல்லுதேன்."