முகத்துவாரத்தில் ஒரு வாய்ச்சண்டை

மினுக்கி என்ற உல்லம் மீன் வயிறு நிறைய முட்டையோடு கடலிலிருந்து ஆற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. முந்தின இரவு நல்ல மழை. ஆற்று வெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை உடைத்து, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வழி திறந்துவிட்டிருந்தது.

மினுக்கிக்கு ஏற்கெனவே எரிச்சல். "கடலை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?" என்று சாளை கேட்டது. "ஆற்றில் உனக்கென்ன வேலை?" என்று திருக்கை கேட்டது. பதில் சொல்லியே அதற்கு அலுத்துவிட்டது.

அந்தக் குறுகிய வழியில் எதிரே வந்தது நெளியம்மை என்ற விலாங்கு. பல வருடம் ஆற்றில் வாழ்ந்துவிட்டு, முட்டையிடக் கடலுக்குக் கிளம்பியிருந்தது.

"அடி தங்கச்சி, வழி தப்பி வருகிறாயே! முட்டையிடக் கடலுக்கல்லவா போக வேண்டும்!" என்றது விலாங்கு.

"ஐயோ, நீங்களுமா!" என்று மினுக்கி சீறியது. "உப்புத் தண்ணீரில் என் முட்டை வீணாகிவிடும் அக்கா! நீங்கள்தான் தலைகீழாகப் போகிறீர்கள்!"

"நானா? ஆற்றில் எந்த விலாங்காவது முட்டையிட்டுப் பார்த்திருக்கிறாயா?"

"கடலில் எந்த உல்லமாவது முட்டையிட்டு நீங்கள் பார்த்தீர்களா?"

விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை இதே பேச்சு. கரையிலிருந்த நண்டு கத்தியது. "தண்ணீர் வடிகிறது! ஆளுக்கொரு பக்கமாகப் போய்த் தொலையுங்களேன்!"

"இவள் ஒத்துக்கொள்ளட்டும், போகிறேன்!" என்றது விலாங்கு.

"நான் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?" என்றது மினுக்கி.

அதன் வயிற்றில் மணல் தட்டியது. திரும்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மேடு! ஒரு சின்னக் குட்டைக்குள் இரண்டும் அகப்பட்டிருந்தன.

"எல்லாம் உன்னால்தான்!"

"இல்லை, உங்களால்தான்!"

"எப்படியோ போங்கள்!" என்று சலித்துக்கொண்டு நண்டு வளைக்குள் போய்விட்டது. சண்டைச் சத்தம் கேட்டு நாரை ஒன்று நிதானமாக நடந்து வந்தது. அதன் கால் குட்டையில் இறங்கியது.

அப்போதுதான் மினுக்கிக்குத் தன் முட்டைகளின் நினைவு வந்தது.

"அக்கா, உங்களுக்கு மணலைத் துளைக்க வருமா?"

"வரும். ஆற்றுப் பக்கம்தான் மணல் இளகியிருக்கிறது. நீ வாலால் அடித்துத் தள்ளு!"

விலாங்கு துளைத்தது. மினுக்கி வாலால் விசிறி விசிறி அடித்தது. நாரையின் அலகு அதன் முதுகில் உரசிச் செதில்களைப் பெயர்த்தது. சட்டென்று மணல் சரிந்து ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து வந்து கடல் பக்க மேட்டையும் உடைத்தது. அந்தத் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு விலாங்கு கடலில் விழுந்தது. அதே தண்ணீரை எதிர்த்து ஏறி மினுக்கி ஆற்றுக்குள் புகுந்தது. விடைபெற்றுக்கொள்ளக்கூட நேரமில்லை.

மேலே தூரத்திலிருந்த ஆழமான மடுவில் முட்டையிட வேண்டும் என்பது மினுக்கியின் ஆசை. ஆனால் வெள்ளம் வடிந்துவிட்டது. காயம்பட்ட முதுகோடு பாதி வழி வரைதான் அதனால் போக முடிந்தது. கிடைத்த இடத்தில் முட்டைகளை இட்டுவிட்டு, 'அரை நாளைப் பேசியே கெடுத்தேனே!' என்று தன்னையே நொந்துகொண்டது.

அடுத்தவர் போகும் வழியைத் திருத்த நின்றால், நாம் போக வேண்டிய வழி அடைபட்டுப்போகும்.