வாயைக் கட்டிய விரால்

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய ஏரியில் காராயி என்றொரு விரால் மீன் இருந்தாள். அவள் வருகிறாள் என்றால் தவளைகூட மூச்சுக் காட்டாது.

ஒரு கோடையின் தொடக்கத்தில் அவளுக்குக் கும்பலாகக் குஞ்சுகள் பொரித்தன. எல்லாம் தாயைப் போலவே கறுப்பு. கடைக்குட்டிக்கு மட்டும் வால் சற்றுக் கோணல். கோணவாலி என்றே பேர். எங்கே போனாலும் அவன்தான் கடைசியில் வருவான். காராயி நின்று அவனைக் கூட்டிக்கொண்டுதான் நகருவாள். அவன்மேல் அவளுக்கு உயிர்.

மற்ற மீன்களின் குஞ்சுகள் பாசியையும் நீர்ப்பூச்சியையும் மேய்ந்தன. "என் பிள்ளைகள் பாசி தின்பதா? நல்லா இருக்கே கதை!" என்றாள் காராயி. கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து மென்று தன் பிள்ளைகளுக்கு ஊட்டினாள்.

வெள்ளச்சி என்ற கெண்டை அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, உனக்குப் பசித்தால் என்னைத் தின்னு. பச்சைப் பிள்ளைகளுக்கு மீன் ருசி காட்டாதே. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்."

"போடி, போய் உன் பிள்ளைகளைப் பார்" என்று காராயி சிரித்தாள். பார்ப்பதற்கு வெள்ளச்சியிடம் ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை. தெரிந்துதான் சிரித்தாள், பாவி.

கேடு காலம் சொல்லிக்கொண்டா வரும்? வெயில் ஏறி ஏரி வற்றியது. மடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. கெண்டைகளைக் கொக்குகள் தின்று தீர்த்துவிட்டன. காராயி பிள்ளைகளைப் பள்ளத்தில் விட்டுவிட்டு, வயிறு சேற்றில் உரச, இரை தேடி அடுத்த குட்டைக்குப் போனாள். பொழுது சாய வெறும் வாயோடு திரும்பினாள்.

பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டன. அவள் வழக்கம்போலக் கடைசியில் வருகிறவனைப் பார்த்து நின்றாள்.

"கோணவாலி எங்கேடா?"

மூத்தவன்தான் மெல்லச் சொன்னான்: "பசித்ததம்மா. நீ ஊட்டுகிற ருசிதான் அவனிடமும் இருந்தது."

காராயி போட்ட கூச்சலில் சேறு கலங்கியது. மூத்தவனை அடிக்க வாலைத் தூக்கினாள், முடியவில்லை. யாரை அடிப்பது?

"ஏரித் தாயே, இதுகள் வாயைக் கட்டு!" என்று கதறினாள்.

ஏரி பேசியது. "தின்றது அதுகள், ஊட்டியது நீ. முழுக்கக் கட்டினால் செத்துப்போகும். அதுகள் மேலே சிவப்பு போர்த்துகிறேன். அது இருக்கும்வரை பாசியும் பூச்சியும்தான் தொண்டையில் இறங்கும். சிவப்பு போன பிறகு எதையும் தின்னும். அப்போது நீ யாரோ, அதுகள் யாரோ."

"அப்படியே ஆகட்டும். அதுவரைக்கும் என் வாயையும் கட்டு, தாயே. வெள்ளச்சி பிள்ளைகளைத் தின்றதற்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் வேறென்ன இருக்கிறது?"

அந்தக் கோடையிலிருந்துதான் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று நீர்மேல் கும்பலாகப் பூச்சி மேய்கின்றன. அடியில் தாய் விரால் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் காவல் போகிறாள். கெண்டைக் குஞ்சு மூக்கை உரசிப் போனாலும் தொடுவதில்லை. கும்பல் நகர்ந்த பிறகும் அவள் மட்டும் கொஞ்சம் நின்றுதான் போவாள். கோணவாலி இன்னும் வரவில்லையே.