மருதியின் காலுக்குள் ஓடிய செவ்வோடை

ஒரு காட்டில், மாசி மாதத்து நடுப்பகலில், பதினோரு யானைகள் வாகை நிழலில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் மருதி. அதன் பின்னங்காலில் ஒரு முள் குத்தியிருந்தது. பொழுது சாயும்போது கூட்டம் ஆற்றைக் கடக்கும். நடக்க முடியாத யானை இக்கரையிலேயே தங்கிவிடும்.

மருதியின் காலுக்குள் ஒரு செந்நிற ஓடை ஓடியது. எங்கோ தூரத்தில், அதன் நெஞ்சுக்குள், ஒரு முரசு மெல்ல அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு ஏற்ப ஓடை அசைந்து அசைந்து சென்றது.

அந்த ஓடையை ஒரு வெள்ளைச் சிலந்தியும் ஒரு நண்டும் காத்துவந்தன. சிலந்திக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். நண்டோ கேள்வி கேட்காத உழைப்பாளி.

முள் குத்திய ஓட்டை வழியே அட்டைகள் நுழைந்தன.

"திருட்டுப் பயல்களா!" என்று கத்திய சிலந்தி, தன் வயிற்று நூலை உருவி வலையாக வீசியது. அட்டைகள் சிக்கின. நண்டு வலைமேல் சேற்றை அப்பி ஓட்டையை அடைத்தது.

வேலை முடிந்தது. ஆனால் நண்டு கடைசிப் பிடி சேற்றை வைத்தபோது வலை ஆடியது.

"ஆடுகிறதே! இன்னும் ஒருவன் இருக்கிறான்," என்று சிலந்தி மறுபடியும் வலை வீசியது.

"புது வலையா? அப்படியானால் புது ஓட்டை," என்று நண்டு மறுபடியும் சேறு அப்பியது.

வலை மறுபடியும் ஆடியது.

வலைமேல் சேறு, சேற்றின்மேல் வலை. ஓடை முக்கால்வாசி அடைபட்டது. முரசின் ஒலி மங்கியது.

"காலைத் தூக்க முடியவில்லையே..." என்று மருதி தூக்கத்தில் முனகியது. அந்தக் குரல் தூரத்து இடிபோல ஓடைக்குள் இறங்கியது.

அங்கே ஒரு நத்தை ஊர்ந்து வந்தது. பழைய நூலை மென்று தின்பதே அதன் பிழைப்பு.

"சிலந்தியண்ணே, யாரைப் பிடிக்கிறீர்?"

"வலையை ஆட்டுகிறவனை."

"நண்டுத் தம்பி, நீ எதை அடைக்கிறாய்?"

"அண்ணன் வலை போட்ட இடத்தை."

"அடைக்கும்போது வலை ஆடாதா?"

நண்டு தன் கொடுக்கைப் பார்த்தது. சிலந்தி நண்டைப் பார்த்தது.

"இப்போதே எல்லாவற்றையும் பிடுங்கி எறிகிறேன்!" என்று சிலந்தி பாய்ந்தது.

"ஐயோ, வேண்டாம்! சேற்றுக்கட்டி உருண்டுபோய் முரசடியில் சிக்கினால் மருதியும் இல்லை, நாமும் இல்லை. நான் மெல்ல மெல்ல மென்று தீர்க்கிறேன். அதுவரை உங்கள் இருவருக்கும் ஒரே வேலைதான்."

"என்ன வேலை?"

"சும்மா இருப்பது."

அது அவை இரண்டுக்கும் பழக்கமில்லாத வேலை. சிலந்தி தன் கால்களின்மேல் தானே உட்கார்ந்துகொண்டது. நண்டு கொடுக்குகளைச் சேற்றில் புதைத்துக்கொண்டது. நத்தை மென்றது. ஓடை நூலிழையாகக் கசிந்து, பிறகு விரிந்தது. முரசு தெளிவாகக் கேட்டது.

பொழுது சாய்ந்தது. பத்து யானைகள் ஆற்றைக் கடந்தன. பதினோராவதாக மருதி நொண்டிக்கொண்டே கடந்தது.

பங்குனி முதல் நாள், அதே காலில் வேறொரு முள் குத்தியது. ஒரு வலை விழுந்தது. ஒரு பிடி சேறு விழுந்தது. வலை ஆடியது.

"தம்பி, ஆட்டுவது நீதானே?" என்று கேட்டது சிலந்தி.

"நான்தான், அண்ணே," என்றது நண்டு.

நீதி: காக்கத் தெரிந்தால் போதாது, காவலை நிறுத்தவும் தெரிய வேண்டும்.