ஸ்டியரிங்குக்குள் குடிபோன காற்று

அந்தக் காலத்தில் காற்றும் இரும்பும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடும். அப்போதே கார் இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒருநாள் அது சும்மா கிளப்பிய புழுதியில் கண் தெரியாமல், தோவாளைப் பூ ஏற்றிப்போன சுடலைமுத்து காரைப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டான். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்துச் செத்துப்போனான்.

அவன் மனைவி இசக்கியம்மாள் காற்றை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "எல்லா இடுக்குலயும் புகுந்து பாக்க. அவரு நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல புக மட்டும் உனக்கு நேரமில்லையாக்கும்?"

காற்றுக்கு அவமானமாகிவிட்டது. "இனி உன் கார்லயே கெடக்கேன். உனக்கு ஒண்ணுன்னா வந்து நிப்பேன், நகரமாட்டேன். சத்தியம்" என்றது.

அவள் ஒரு துணிப்பை தைத்து ஸ்டியரிங்குக்குள் மடித்து வைத்தாள். அதன் அடியில் காற்று சுருண்டு படுத்தது. காரின் மூக்கில் ஓர் இரும்புக் குண்டு காவல் இருந்தது.

புருஷன் விட்ட பூ வியாபாரத்தை அவள் எடுத்து நடத்தினாள். காற்றுக்கோ உள்ளே இருப்பே கொள்ளவில்லை. கார் குலுங்கும்போதெல்லாம், "இப்பமா?" என்று கேட்கும்.

"இல்ல, குழி. மோதினா நான் சொல்லுதேன்" என்று குண்டு அதட்டும்.

"அவசரப்படாத" என்றது சீட் பெல்ட். "நான் அவளப் பிடிச்சு நிறுத்துவேன். பிடிக்காம விட்டா, நீ விரியுத வேகத்துல உன் அடியே அவளுக்கு விழும்."

ஒருநாள் எதிரே லாரி வந்தது. மோதிய அதிர்வில் குண்டு முன்னால் உருண்டு, "இப்பம்" என்றது. கண் இமைக்குமுன் காற்று ஸ்டியரிங்கின் மூடியைப் பிளந்து பையை நிறைத்தது. சொன்ன சொல் தவறக் கூடாதென்று விறைத்தும் நின்றது. இசக்கியம்மாளின் முகம் பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"கல்லா நிக்காத" என்று பெல்ட் கதறியது. "நீயும் ஸ்டியரிங்கும் அப்புறம் ஒண்ணுதான். ஓடு."

"சத்தியம் பண்ணிருக்கனே."

"அவ முக்கியமா, சத்தியம் முக்கியமா?"

காற்று பையின் முதுகைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அது ஓட ஓட, அவள் முகம் பைக்குள் மெல்ல அமிழ்ந்து நின்றது.

மூக்கில் சிராய்ப்போடு அவள் கண் திறந்தபோது பை துவண்டு கிடந்தது. வெளியே சிதறிய பிச்சிப்பூவைக் காற்று உருட்டிக்கொண்டிருந்தது.

"நகரமாட்டேன்னு சொன்னியே, போயிட்டியே" என்றாள்.

"நின்னுருந்தா நீ போயிருப்ப" என்றது காற்று.

அன்று முதல்தான் காரின் காற்றுப்பைக்கு முதுகில் ஓட்டை இருக்கிறது. உயிரைக் காக்க ஓடிவரும் காற்று, காத்த கையோடு ஓடியும் போய்விடுகிறது.