கொம்பையா காருக்கு வடம் பிடித்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கீழ ஊருணித் தெருவில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. மூளை விஷயத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கொம்பையா அண்ணாச்சி பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கினார். அது சத்தமே இல்லாமல் ஓடியது. இப்படி ஓடினால் கார் வாங்கியது யாருக்குத் தெரியும் என்று அவருக்கு வருத்தம். அதிலிருந்த சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கை நுழைகிற அளவுக்கு ஒரு குழாயை மாட்டிக்கொண்டார். அதன் பிறகு நாலு ஊருக்குத் தெரிந்தது. டீத்தூள் வாங்கப் பத்து மணிக்கு ஒரு தடவை போவார். சர்க்கரையை மறந்துவிட்டுப் பதினோரு மணிக்கு இன்னொரு தடவை. சர்க்கரை கொட்ட டப்பா இல்லையென்று பன்னிரண்டு மணிக்கும் போவார்.

எதிர்வீட்டு உச்சிமாகாளிக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை தூங்கியாக வேண்டும். கார் வந்த பிறகு பொட்டுத் தூக்கம் இல்லை. மில்லில் நின்றபடியே தூங்கி இரண்டு தடவை மாட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை தூங்கினால், அதன் பிறகு வீட்டிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருத்தர்தான். பெண்டாட்டி வள்ளிமயில் தெருவில் நின்று அழுதாள்.

தெரு கூடியது. தலைமை பூலிங்கம் அண்ணாச்சி. அம்மன் கோயில் தேருக்கு முன்னால் பச்சைத் துண்டை வீசி, இழு, நிறுத்து என்று சொல்பவர் அவர்தான். பன்னிரண்டு வருஷமாகத் தேர் எந்தச் சுவரிலும் முட்டியதில்லை. அதனால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரு நம்பியது. அவரும் நம்பினார்.

முதலில் அவர் கொம்பையாவைக் கூப்பிட்டு, தெருவுக்குள் மட்டும் மெதுவாகப் போகச் சொன்னார். கொம்பையா சொன்ன சொல்லைத் தட்டாதவர். முன்பெல்லாம் அரை நிமிஷத்தில் தெருவைத் தாண்டிய சத்தம், இப்போது தாண்டப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு வெள்ளாடு காரை முந்திக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

அடுத்து மெக்கானிக் மீரானிடம் போனார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி?" என்றார் மீரான். "சத்தம் எங்கேருந்து வருதோ அங்கே சைலன்சரை மாட்டணும். அம்புட்டுத்தான்."

பூலிங்கம் அண்ணாச்சி அதை அப்படியே தன் நோட்டில் எழுதி, மீரானையே மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். ஆனால் கொம்பையா ஒத்துக்கொள்ளவில்லை. சைலன்சரை மாட்டினால் கார் ஊமையாகிவிடும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார்.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சத்தம் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார் அங்கிருந்த ஏட்டு. இந்த வேலைக்கு ஆவுடையப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவிலேயே நல்ல கால் அவருடையதுதான்.

"சத்தம் கேக்காத இடம் வாற வரைக்கும் நடக்கணும்" என்றார் பூலிங்கம் அண்ணாச்சி. "அங்கே இருக்க கிலோமீட்டர் கல்லைப் பார்த்து எழுதணும். பிறகு நடந்து வந்து சொல்லணும்."

"நடுவுல சாப்பிடலாமா அண்ணாச்சி?"

"காதைத் தீட்டிக்கிட்டே சாப்பிடு."

ஆவுடையப்பன் வேறொரு நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினார். அவருக்குச் சோறு கொண்டுபோகும் பொறுப்பைக் கொம்பையா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். காரில்தான். போனவர் சோற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரலாமில்லையா? தனியாக நடக்கிறவருக்குப் பேச்சுத்துணை வேண்டுமே என்று பக்கத்திலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆவுடையப்பனிடமிருந்து போன் வந்தது. ஆறாவது கல்லில் இருக்கிறாராம், இங்கேயும் நன்றாகக் கேட்கிறதாம். ஆமாம், நன்றாகவே கேட்கிறது என்று கொம்பையாவும் போனை வாங்கிச் சாட்சி சொன்னார்.

மூன்றாம் நாள் ஆவுடையப்பன் பதினெட்டாவது கல்லைத் தொட்டிருந்தார். வேளா வேளைக்குச் சோறு எடுக்கக் கார் தெருவுக்கு வந்து வந்து போனதில் உச்சிமாகாளிக்குக் கண் குழி விழுந்துவிட்டது. அன்று காலையில் கொம்பையா சோறு எடுக்க வந்திருந்த நேரம் பார்த்து, வள்ளிமயில் நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னைக்கும் தூங்கலேன்னா அவுகளுக்கு வேலை போயிரும் அண்ணே" என்றாள்.

கொம்பையா இளகிவிட்டார். "இனி தெருவுக்குள்ள எஞ்சினைப் போடலை தாயி. மெயின் ரோடு வரைக்கும் ஆளு வச்சு இழுத்துக் குடுங்க. அங்கே போய்ப் போட்டுக்கிடுதேன்."

இழுக்க வேண்டும் என்று கேட்டதும் பூலிங்கம் அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து மணிக்குக் கோயிலிலிருந்து தேர் வடம் வந்தது. நாற்பது பேர் வந்தார்கள். மேளக்காரர்களும், வேட்டுப் போடுகிறவரும் வந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாகாளி மாமா உள்ளே தூங்க வேண்டுமே, மேளம் எதற்கு என்று பூலிங்கம் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மேளம் இல்லாம எவனாவது வடத்தைத் தொடுவானா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இப்போ எஞ்சின் ஓடுதா?"

"இல்லை."

"பிறகு என்ன?"

முதல் வேட்டுக்கே உச்சிமாகாளி வாசலுக்கு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வடத்தைப் பார்த்தார். வீட்டு வாசலில் வடம் போகும்போது கை வைக்காமல் நிற்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டே ஓடிவந்து முன்வரிசையில் பிடித்துக்கொண்டார்.

கார் நகர்ந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கொம்பையா மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தார். பூலிங்கம் அண்ணாச்சி பச்சைத் துண்டைத் தெற்கே வீசினார். தேர் நாலு வீதியும் சுற்ற வேண்டாமா? ஒவ்வொரு முக்கிலும் ஒரு வேட்டுப் போட்டு, நாலு வீதியும் சுற்றி, காரைக் கொம்பையா வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி, நான் டீத்தூள் வாங்கணும்" என்றார் கொம்பையா.

"நிலைக்கு வந்த தேரை அடுத்த வருஷம்தான் எடுக்கணும், தெரியாதா?"

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கொம்பையா முன்சீட்டிலேயே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வடம் இழுத்த களைப்பில் உச்சிமாகாளிக்கு வீடு வரை நடக்கத் தெம்பில்லை. கார்க் கதவைத் திறந்து பின்சீட்டில் சாய்ந்தார். சாய்ந்ததும் தூங்கிவிட்டார். அப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதே இல்லை. ஒரு மாசத் தூக்கமாயிற்றே. வள்ளிமயில் கும்பிட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றாள்.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த கொம்பையா இறங்கி வந்தார். "நான் எஞ்சினை நிப்பாட்டிட்டேன். இந்தச் சத்தத்துக்கு யாருவே பொறுப்பு?"

நியாயம்தானே? மறுபடியும் கூடினார்கள். எழுப்பக் கூடாது என்று எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள். பூலிங்கம் அண்ணாச்சி நோட்டைப் பிரித்து, மீரான் சொன்னதை வாசிக்கச் சொன்னார். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே சைலன்சரை மாட்ட வேண்டும். எங்கிருந்து வருகிறது? ஒவ்வொருத்தராகக் குனிந்து கேட்டார்கள். மூக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பரணிலிருந்து சைலன்சர் இறங்கியது. வள்ளிமயில் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். ஒரு வாயை உச்சிமாகாளியின் மூக்குக்கு நேரே வைத்து, மறு வாயைக் கார் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு நீட்டித் துண்டால் கட்டினார்கள்.

அடுத்த குறட்டைக்கு எங்கள் வீட்டுத் தட்டுகள் அலமாரியில் நடந்தன. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வண்டிச் சத்தம் மாதிரியே இருக்குவே" என்றார்.

உச்சிமாகாளி நாலு மணி வரை அசையவே இல்லை. அன்றைக்கு மில்லில் அவர் கண்ணை இமைக்கக்கூட இல்லை என்று மேனேஜரே மெச்சினாராம். வேலை தப்பித்தது. அதுவரைக்கும் சரி.

ஆனால் மூன்று மணிக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். காலையில் சோறு எடுக்கப் போன கொம்பையா எஞ்சினை நிறுத்தியதுமே பதினெட்டாவது கல்லில் சத்தம் கேட்காமல் போனது. எழுதிக்கொண்டு, பஸ் வந்தும் ஏறாமல், சொன்னபடி நடந்தே வந்திருக்கிறார். காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. நோட்டை உயர்த்திக் காட்டிக்கொண்டே தெருமுனையில் திரும்பியவர், அப்படியே நின்றார்.

காதில் கைவைத்துக் கேட்டார். இன்னொரு காதிலும் கைவைத்துக் கேட்டார்.

நோட்டைப் பிரித்தார். பதினெட்டை அடித்தார்.

"சோத்தை மட்டும் யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.