கூவும் முன் விலாவில் ஓர் அடி

அந்தக் காலத்தில், பறவைகளும் மிருகங்களும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், சங்குத்துறை என்ற கடலோரப் பட்டினத்தில் கொண்டையார் என்று ஒரு சேவல் இருந்தார். நிஜப் பெயர் வெறும் கொண்டையன்தான். ஊரார் பயத்தில் மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்கள். எதற்கு வம்பு, நாமும் மரியாதையாகவே சொல்லிவைப்போம்.

அந்தக் காலத்துச் சேவல்கள் சும்மா கூவுவதில்லை. பெயர் சொல்லிக் கூவும். விடிந்ததும் கொண்டையார் பள்ளிவாசல் மதில்மேல் ஏறுவார், கழுத்தை நீட்டுவார், முந்தின நாள் ஊரில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் அறிவிப்பார்.

“நெய்னா மரைக்காயர் தராசுத் தட்டிலே கட்டைவிரலை வச்சாரேய்!”

“செய்யதம்மா பக்கத்து வீட்டு முருங்கைக்காயை ஒடிச்சாளேய்!”

கேட்டவர்கள் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வார்கள். பெயர் வராதவர்கள் எழுந்து உட்கார்ந்து ரசிப்பார்கள்.

இதனால் ஊரில் விசித்திரமான பழக்கம் ஒன்று வந்துவிட்டது. எதையாவது எடுக்கக் கை நீட்டும்போது, இது சரியா தப்பா என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. “கொண்டையார் எங்கே?” என்றுதான் கேட்பார்கள். அவர் கிழக்குத் தெருவில் இருந்தால், மேற்குத் தெருவில் மரைக்காயரின் கட்டைவிரல் தானாகத் தராசுக்குப் போய்விடும். நெஞ்சுக்குள் உறுத்த வேண்டியதை மதில்மேல் ஏற்றிவிட்டு ஊரே நிம்மதியாக இருந்தது.

கொண்டையாருக்கு இதில் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பயானை, அந்த மார்க்கப் பிரசங்கத்தை, மதிலில் உட்கார்ந்தபடியே ஒருவரி விடாமல் கேட்பார். ஒருநாள் தொழுகை நடத்தும் ஹஸ்ரத் சொன்னார்:

“மனுசனுக்குள்ளே ஒரு நஃப்ஸு, ஒரு மனசு இருக்கு, கெட்டதைச் செய் செய்யின்னு ஏவும். செஞ்சு முடிச்சா இன்னொண்ணு எந்திரிக்கும், ஏன்டா செஞ்சேன்னு நம்மையே நிந்திக்கும். அந்த நிந்திக்கிற நஃப்ஸு மேலே அல்லாஹ் குர்ஆன்லே சத்தியம் பண்றான். அது செத்துப்போகாம பாத்துக்கிடுங்க.”

‘நல்லா உறைக்கிற மாதிரி சொன்னார். மரைக்காயர் காதிலே விழுந்திருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு கொண்டையார் இறகைக் கோதினார். தனக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது என்ற ஞாபகமே அவருக்கு இல்லை.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது மைதீன் பிச்சையின் வேலை. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் அவர் கைப்பக்குவத்தில் சேர்ந்தால் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கே தெரு மணக்கும். நோன்போடு இருப்பவர் ருசி பார்க்காமலே உப்பு போடுவார், ஒருநாளும் கூடினதில்லை, குறைந்ததில்லை. அவர் குடும்பத்துக்கு அந்த அகப்பைதான் சோறு.

ஊரார் வீடுவீடாகக் கொடுத்த அரிசியைக் கழுவி, முற்றத்தில் பாய் விரித்து உலரப் போட்டிருந்தார் பிச்சை. உலர்ந்ததும் உரலில் இட்டு நொய்யாக உடைத்து உலை வைக்க வேண்டும். அதற்குள் லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, பாங்கு சொல்லிவிட்டார்கள்.

பிச்சை சுற்றும்முற்றும் பார்த்தார். மதில்மேல் கொண்டையார்.

“கொண்டையாரே, தொழுதுட்டு வந்துடுறேன். இது ஊரோட அமானிதம், நம்பிக் கொடுத்த பொருளு. பாத்துக்கிடுவீங்கள்ல?”

“என்கிட்டேயா கேக்குறீங்க? ஈ உட்காராது, போங்க.”

ஈ உட்காரவில்லைதான். கொண்டையார் உட்கார்ந்தார்.

முதலில் பாயைச் சுற்றி விறைப்பாக நடந்தார். வெயிலில் அரிசி பளபளத்தது. ‘வண்டு இருக்கான்னு பாக்க வேண்டாமா? பாத்துக்கச் சொன்னாரே’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நியாயமாகத்தான் பட்டது. ஒரு மணியைக் கொத்திப் பார்த்தார். வண்டு இல்லை. ஒரு மணியை வைத்து மொத்தத்தையும் எப்படிச் சொல்வது? அந்தப் பக்கமும் கொத்தினார். பாயை விட்டுச் சிதறியது பாயில் சேராது என்று அதையும் கொத்தினார். ‘பிள்ளை குட்டிக்காரன் தான் மட்டும் தின்னலாமா? குடும்பத்துக்கு ஊட்டுறதும் தர்மம்னு ஹஸ்ரத்தே சொல்லியிருக்காரே’ என்றது குரல். உடனே “கொக்கொக்கொக்” என்று செல்லமாக ஒரு அழைப்பு விட்டார். அவர் வீட்டுக் கோழிகள், அத்தைமார், குஞ்சுகள் என்று வேலியிடுக்கு வழியே ஒரு படையே வந்து இறங்கியது.

தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டபோது படை வந்த வழியே மறைந்துவிட்டது. பாயில் பாதிக்குமேல் வெறும் கோரைதான் தெரிந்தது. கொண்டையார் தொண்டைப் பை புடைக்க மதில்மேல் ஏறி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிவாசல் நிர்வாகமும் மரைக்காயர் கையில்தான் இருந்தது. வெளியே வந்தவர் பாயைப் பார்த்தார். பிச்சையைப் பார்த்தார்.

“என்ன பிச்சை, காலையிலே பாய் நெறைய இருந்துச்சே? நோன்போட இந்தக் காரியமா?”

“அல்லாஹ் அறிய நான் தொடலே மொதலாளி.”

“வேற யாரு இங்கே இருந்தா?”

பிச்சையின் முகம் சட்டென்று தெளிந்தது. “கொண்டையார்கிட்டே சொல்லிட்டுத்தானே போனேன்! அவர் பாத்திருப்பாரு. அவரு வாயாலே யாரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

ஊரே மதிலை அண்ணாந்து பார்த்தது. கொண்டையார் கடலையே பார்த்தார்.

‘பூனைன்னு சொல்லிடு’ என்றது குரல். பூனை பச்சரிசி தின்றதாக எவன் நம்புவான்? ‘காகம்னு சொல்லு.’ வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இத்தனை காலம் ஊரார் பெயரெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்த தொண்டையில் இன்று ஒரு பெயரும் ஏற மறுத்தது. பையில் இருந்த அரிசி கல்லாகக் கனத்தது.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், “சேவலுக்குப் பிச்சை மேலே பிரியம். அதான் சொல்ல மாட்டேங்குது.”

“அப்போ பிச்சைதான்” என்றார் மரைக்காயர். “அகப்பையைக் கீழே வையி. வேற ஆளு பாத்துக்கிடலாம்.”

பிச்சை அகப்பையைத் துடைத்து, அடுப்புக்கல்மேல் மெதுவாக வைத்தார். போகும்போது ஒருமுறை மதிலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடக் கொண்டையார் தாங்கியிருப்பார். ‘எனக்குத் தெரியாதது ஏதோ நீங்க பாத்திருப்பீங்க’ என்பதுபோல் இருந்தது அது.

அப்போதுதான் உள்ளே இன்னொரு குரல் எழுந்தது. அதுவரை அவர் கேட்டே இராத குரல்.

‘ஏன்டா செஞ்சே?’

 ஹஸ்ரத் சொன்னது மரைக்காயருக்கு இல்லை, தனக்குத்தான் என்று அந்த நிமிஷத்தில் கொண்டையாருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார், சத்தம் இல்லை. மறுபடி திறந்தார், இல்லை. பிச்சை வாசற்படியைத் தாண்டப் போகிறார். கொண்டையார் இரண்டு இறக்கைகளையும் விரித்து, தன் விலாவிலேயே பட பட பட என்று ஓங்கி அடித்துக்கொண்டார். தொண்டை திறந்தது.

“நான்தாஆஆன்! கொண்டையன்தாஆஆன்!”

ஊர் வாயைப் பிளந்தது. கொண்டையார் தொடர்ந்தார்: “அமானிதம்னு கொடுத்தாரு, நான் தின்னேன். குடும்பத்தையும் கூப்பிட்டு விருந்து வச்சேன். பிச்சை ஒரு மணி தொடலே!”

 மரைக்காயருக்கு முகம் சிவந்தது. “இந்த வாயா இத்தனை நாளும் என் கட்டைவிரலைச் சொல்லுச்சு? பிடிங்கப்பா அதை! கஞ்சிக்கு அரிசி இல்லேன்னா என்ன, நோன்பு தொறக்கக் குருமா இருக்கு!”

ஆளாளுக்கு மதிலை நோக்கி ஓடினார்கள். கொண்டையார் பறக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எல்லாருக்கும் முன்னால் மதிலடியில் போய் நின்றது பிச்சை.

“நில்லுங்க. தன் தப்பைத் தானே சொன்னவனை அறுத்துட்டா, நாளைக்கு இந்த ஊர்லே எவன் வாயைத் தொறப்பான்?”

ஓடிவந்தவர்கள் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாமல் தரையைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற செய்யதம்மா மெல்லக் கனைத்தாள்.

“நேத்து ரெண்டு முருங்கைக்காய் ஒடிச்சேன். கொண்டையார் பாக்கலே” என்றாள். “வீட்டுலே அரிசி இருக்கு. கொண்டாறேன்.”

அவள் போனதும் இன்னொருவர் போனார். பிறகு இன்னொருவர். கடைசியாக மரைக்காயர் தன் கடையிலிருந்து படி நிறைய, குவியலாக அரிசி கொண்டுவந்து பாயில் கொட்டினார். படியின் விளிம்பில் விரல் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்த பிச்சைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மரைக்காயருக்கும்தான். அன்றைய கஞ்சியில் அகப்பை நட்டால் நின்றது.

மறுநாள் விடிந்தது. சங்குத்துறை போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கொண்டையார் மதில்மேல் ஏறினார். முதலில் தன் விலாவில் பட பட என்று அடித்துக்கொண்டார், ‘நீ எப்படி?’ என்று தன்னைக் கேட்பதுபோல. அப்புறம் கழுத்தை நீட்டிக் கூவினார். அந்தக் கூவலில் யார் பெயரும் இல்லை.

“என்னைத்தான் சொல்லுது” என்று எழுந்து உட்கார்ந்தார் மரைக்காயர். “என்னைத்தான்” என்றாள் செய்யதம்மா. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவரும் அப்படியே நினைத்து எழுந்தார்கள்.

அன்று முதல்தான் எந்தச் சேவலும் தன்னை அடித்துக்கொள்ளாமல் கூவுவதில்லை, கூவும்போது யார் பெயரையும் சொல்வதில்லை. விடியலில் அது கேட்டதும் உங்களுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றால், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காதீர்கள்.